கோடைக்கால ஹாக்கிப் பகல் முகாம்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் கோவில்பட்டி வட்டாரத்திலும் அதைச் சுற்றியுள்ள தென் மாவட்டங்களிலும் பிள்ளைகளை ஹாக்கி முகாமில் சேர்க்கலாமா என்ற பேச்சு வீடுகளில் எழுகிறது. இந்த விளையாட்டை ஆடிப் பழகாத பெற்றோருக்கு எதைப் பார்த்து முகாமைத் தேர்ந்தெடுப்பது, எதை வாங்குவது, எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதில் பல ஐயங்கள் உண்டு. அவற்றுள் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

பகல் முகாமுக்கும் விளையாட்டு விடுதிக்கும் என்ன வேறுபாடு?

பகல் முகாமுக்குப் பிள்ளை காலையில் வந்து மாலையில் வீடு திரும்பிவிடும். இரண்டு அல்லது மூன்று வாரங்கள் நடக்கும் இத்தகைய முகாம்களில் சேர ஹாக்கி தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இருப்பதில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விடுதிகள் வேறு வகையானவை. அங்கே தகுதித் தேர்வு நடத்தி மாணவர்களைச் சேர்த்து, தங்க இடமும் உணவும் கொடுத்து, பள்ளிப் படிப்போடு ஆண்டு முழுவதும் பயிற்சி அளிக்கிறார்கள். விடுதிக்கான தேர்வை ஆணையமே தனியாக அறிவிக்கும். ஆகவே, "எங்கள் முகாமில் சேர்ந்தால் விடுதியில் இடம் உறுதி" என்று எவரேனும் சொன்னால் அந்தச் சொல்லை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

எந்த வயதில் சேர்க்கலாம்?

ஏழு வயது நிரம்பியிருந்தால் சேர்க்கலாம். முறையான ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். கல் போன்ற அதன் கடினத்துக்கு ஏழெட்டு வயதுப் பிள்ளையின் கணுக்கால் ஈடுகொடுக்காது. எனவே மிகச் சிறியவர்களுக்கு டென்னிஸ் பந்தையோ எடை குறைந்த பிளாஸ்டிக் பந்தையோ கொடுத்துத் தொடங்குவதுதான் முறை. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் வாரத்துக்குப் பின் முறையான பந்தைக் கொடுக்கலாம். வயதை மட்டும் கணக்கில் கொள்ளாமல் உயரத்தையும் முன் அனுபவத்தையும் பார்த்துக் குழு பிரிக்கிறார்களா என்று விசாரியுங்கள். முதன்முறையாக ஸ்டிக் பிடிக்கும் பதின்மூன்று வயதுச் சிறுவனை, மூன்று ஆண்டுகளாக ஆடிவரும் பதின்மூன்று வயதுச் சிறுவர்களோடு நிறுத்தினால் அவன் பெரும்பாலும் ஓரத்திலேயே நின்றுவிடுவான்.

கத்திரி வெயிலில் பிள்ளையை வெளியே விடலாமா?

பெற்றோர் கேட்பவற்றுள் மிக நியாயமான கேள்வி இதுவே. மே மாதம் 4ஆம் தேதியையொட்டித் தொடங்கும் அக்னி நட்சத்திரக் காலத்தில்தான் பெரும்பாலான முகாம்களும் நடக்கின்றன. அப்படியிருக்க, காலை ஒன்பது மணிக்கு மேலும் மாலை நான்கரை மணிக்கு முன்னும் திறந்த வெளியில் பயிற்சி வைக்கும் முகாம், எவ்வளவு பெயர் பெற்ற பயிற்சியாளரைக் கொண்டிருந்தாலும், பிள்ளைகளுக்கு ஏற்ற முகாம் ஆகாது. காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் மைதானப் பயிற்சியை முடித்துக்கொண்டு, நடுப்பகலைக் கூரையின் கீழ் விதிமுறை விளக்கம், பழைய ஆட்டங்களின் காணொளி, ஓய்வு, உறக்கம் என்று கழித்து, வெயில் தாழ்ந்த பின் மீண்டும் மைதானத்துக்கு வருவதே சரியான நாள் ஒழுங்கு. நடுப்பகலில் தங்குவதற்குக் காற்றோட்டமான கூடம் இல்லாத முகாம்கள் பிள்ளைகளை எட்டரை மணிக்கு வீட்டுக்கு அனுப்பி மாலையில் மறுபடி அழைத்துக்கொள்வது நல்லது. அலைச்சல் என்று பெற்றோர் முணுமுணுக்கலாம். ஆனாலும் தகரக் கொட்டகையின் கீழ்ப் பிள்ளைகளை உட்கார வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

தாகம் எடுக்கும் வரை காத்திராமல் பதினைந்து இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் குடிக்கச் செய்ய வேண்டும். மோர், நீராகாரம், இளநீர் ஆகியவை நல்லவை. மிகுதியாக வியர்த்த பிள்ளைக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியவை தோன்றினால் உடனே நிழலுக்கு அழைத்துச் சென்று ஈரத் துணியால் உடலைத் துடைக்க வேண்டும். பேச்சு குழறினாலோ, நடை தடுமாறினாலோ, உடல் கொதித்தாலோ அது வெப்ப வாதத்தின் அறிகுறி. அந்நிலையில் உடலில் தண்ணீர் ஊற்றி, விசிறிக் குளிர்வித்துக்கொண்டே 108க்கு அழைக்க வேண்டும். நினைவு மங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

காலையில் சாப்பிட்டுவிட்டு வர வேண்டுமா?

வெறும் வயிற்றோடும் வரக் கூடாது, இட்லியும் பொங்கலுமாக நிறையச் சாப்பிட்டுவிட்டும் ஓடக் கூடாது. ஒரு வாழைப்பழமோ கொஞ்சம் கேப்பைக் கூழோ போதும். முழுக் காலை உணவைப் பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்துக் கொடுக்கலாம். இடைவேளையில் கொறிக்கக் கோவில்பட்டிப் பிள்ளைகளுக்கு ஊர்க் கடலைமிட்டாய் இருக்கையில், உறையில் அடைத்து வரும் விலை உயர்ந்த சத்துக் கட்டிகளைத் தேடி அலைவானேன்?

செயற்கைத் தரை இல்லாத முகாமில் சேர்ப்பது வீண்தானே?

இந்த எண்ணம் பெற்றோரிடம் ஆழமாக வேரூன்றியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1976ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. அதற்கு முன் ஏழு தங்கம் வென்றிருந்த இந்தியா அங்கே ஏழாம் இடத்துக்கு இறங்கியது. 1980இல் மாஸ்கோவில், தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் எட்டாவது தங்கம் கிடைத்த போதிலும், அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு 2021இல் டோக்கியோவில் வெண்கலம் வெல்லும் வரை 41 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. செயற்கைத் தரைகள் நம் நாட்டில் மெதுவாகவே பரவியதை இந்தச் சரிவுக்கான காரணங்களுள் ஒன்றாக ஹாக்கி வட்டாரத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த வாதம் மாநில, தேசிய அளவில் ஆடுபவர்களுக்குப் பொருந்துமே ஒழிய, ஸ்டிக்கை இப்போதுதான் கையில் எடுக்கும் பிள்ளைக்குப் பொருந்தாது. மண் தரையில் பந்து ஒரே சீராக வராது. சிறு கல்லில் பட்டுத் துள்ளும், திசை மாறும். அதனால் பந்தின் மீதிருந்து கண்ணை எடுக்காமல் ஸ்டிக்கை முன்கூட்டியே தரையோடு தாழ்த்தி வைக்கும் பழக்கம் பிள்ளைக்குத் தானாக வந்துவிடுகிறது. சமதளமான செயற்கைத் தரையில் பந்து வேகமாகவும் நேராகவும் வரும். கை பழகாத பிள்ளைக்கு அந்த வேகமே தடையாகிவிடும். மேலும் உச்சி வெயிலில் செயற்கைத் தரை மண்ணைவிடக் கடுமையாகச் சுடும் என்பதையும் கருத வேண்டும்.

மண் தரையிலேயே பயிற்சி முழுவதும் அமைந்துவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. கோவில்பட்டியில் செயற்கைத் தரை அரங்கம் இருக்கிறது. 2025இல் நடந்த ஆண்கள் இளையோர் உலகக் கோப்பையையொட்டி மதுரையிலும் பன்னாட்டுத் தரத்தில் ஓர் அரங்கம் அமைந்தது. முகாமின் கடைசி வாரத்தில் ஓரிரு நாள்கள் இத்தகைய தரைக்கு அழைத்துச் சென்று ஆட விட்டால், வேற்றுமையைப் பிள்ளை உணர்ந்துகொள்ளும். முதல் கோடைக்கு அவ்வளவு போதும். மண் மைதானத்தைப் பொறுத்தவரை, கண்ணாடித் துண்டும் கூரான கல்லும் பொறுக்கப்பட்டிருக்கின்றனவா, தூசி எழாமல் தண்ணீர் தெளிக்கிறார்களா என்ற இரண்டைத்தான் கவனிக்க வேண்டும்.

எந்த ஸ்டிக் வாங்குவது?

முதல் வாரம் எதையும் வாங்க வேண்டாம். முகாமில் இருக்கும் ஸ்டிக்கே போதும். பிள்ளைக்கு ஆர்வம் நிலைக்கும் என்று தோன்றிய பிறகு வாங்கலாம். பெரியவர்கள் பயன்படுத்தும் ஸ்டிக் பெரும்பாலும் முப்பத்தாறரை அங்குல நீளம் இருக்கும். "வளர்கிற பிள்ளைதானே, பெரிதாகவே வாங்கிவிடுவோம்" என்று பள்ளிச் சீருடைக்குச் சொல்லும் நியாயத்தை இங்கே சொல்லக் கூடாது. நீளமான ஸ்டிக்கைப் பிடித்த பிள்ளை முதுகை நிமிர்த்தியே நின்று பழகும், கைகளைக் கீழே இறக்கிப் பிடிக்கும், பிடியின் நுனி வயிற்றில் இடிக்கும். இந்தப் பழக்கங்களைப் பின்னர் திருத்துவது எளிதன்று. பிள்ளையை நேராக நிற்க வைத்துக் காலோடு ஒட்டி ஸ்டிக்கை நிறுத்தினால் அதன் உச்சி இடுப்பெலும்பைத் தொட்டு நிற்க வேண்டும். தொப்புளைத் தாண்டினால் அது நீளம்.

எடை குறைந்த ஸ்டிக்கையே தேர்ந்தெடுங்கள். விதிப்படி ஒரு ஸ்டிக் 737 கிராம் வரை இருக்கலாம் என்றாலும், சிறுவர்களுக்கு அதில் பாதியை ஒட்டிய எடையே தாராளம். கார்பன் கலப்பு மிகுந்த விலை உயர்ந்த ஸ்டிக்குகள் பந்தை வேகமாக அனுப்பும். ஆனால் பந்தை ஏற்று நிறுத்தும்போது அவற்றின் விறைப்பால் பந்து துள்ளி ஓடும். நிறுத்தக் கற்றுக்கொள்ளும் பருவத்தில் மரத்தால் ஆனதோ, கண்ணாடி இழை கலந்ததோ போதும். ஜலந்தரிலும் மீரட்டிலும் செய்யப்பட்டு வரும் சாதாரண ஸ்டிக்குகளே இந்தத் தேவையை நிறைவு செய்யும்.

என் மகளுக்கு இடது கைப் பழக்கம். அவளுக்கென்று தனி ஸ்டிக் கிடைக்குமா?

கிடைக்காது. ஹாக்கியில் ஸ்டிக்கின் இடப்பக்கத் தட்டையான முகத்தால் மட்டுமே பந்தை ஆட வேண்டும் என்பது விதி. வளைந்த பின்பக்கத்தால் ஆடினால் தவறு. ஆதலால் எல்லோரும் ஒரே வகை ஸ்டிக்கையே, இடது கையை உச்சியிலும் வலது கையை நடுவிலும் வைத்துப் பிடிக்கிறார்கள். இதைக் கேட்டு வருந்த வேண்டியதில்லை. பந்தை இடமும் வலமுமாக மாற்றி எடுத்துச் செல்லும்போது ஸ்டிக்கைத் திருப்புவது முழுக்க இடது கையின் வேலை. வலது கை தளர்ந்து தாங்கி நிற்கும், அவ்வளவுதான். வலது கைப் பழக்கமுள்ள பிள்ளைகள் வாரக்கணக்கில் போராடும் இந்தத் திருப்பம் உங்கள் மகளுக்கு விரைவில் கைகூடலாம்.

கிரிக்கெட் ஆடும் பையன் ஹாக்கிக்கு மாறலாமா?

தாராளமாக. கண்ணும் கையும் ஒத்துழைக்கும் பழக்கம் அவனிடம் ஏற்கெனவே இருக்கும். மட்டையை ஓங்கி வீசும் பழக்கத்தை மட்டும் முதல் நாளே நிறுத்த வேண்டும். பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் முகத்துக்கு அதுவே பேராபத்து. நல்ல பயிற்சியாளர்கள் தொடக்கத்தில் பந்தை அடிக்கவே விடுவதில்லை; ஸ்டிக்கைப் பந்தோடு ஒட்டி வைத்துத் தள்ளும் புஷ் மட்டுமே கற்றுத் தருவார்கள். "ஒரு வாரம் ஆகியும் அடிக்கச் சொல்லித் தரவில்லையே" என்று குறைபட்டுக்கொள்ளும் பெற்றோர் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அடிபடுமா? என்னென்ன பாதுகாப்புப் பொருள்கள் வேண்டும்?

படும். முழங்கால் சிராய்ப்பும் விரலில் வீக்கமும் இந்த ஆட்டத்தோடு வருபவை. பெரிய காயங்களைத் தடுக்க இரண்டு பொருள்கள் கட்டாயம் தேவை: கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையே கட்டும் ஷின் பேட், பற்களைக் காக்கும் பல் கவசம். வெந்நீரில் இட்டு இளக்கிக் கடித்து வடிவமைத்துக்கொள்ளும் பல் கவசம் குறைந்த விலையிலேயே கிடைக்கிறது. ஸ்டிக்குக்குச் செலவழிக்கும் பெற்றோர் பலர் இதை வாங்கத் தயங்குவது வியப்பாக இருக்கிறது. நிலைத்த பல் ஒன்று போனால் அந்தப் பல் மீண்டும் முளைக்காது. ஒருவேளை பல் முழுதாகக் கழன்று விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் வெண்மையான மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் இட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டு செல்ல முயல வேண்டும். பால் பல்லாக இருந்தால் மீண்டும் பொருத்த முயலக் கூடாது.

மண் மைதானத்துக்கு நன்கு பிடிக்கும் கேன்வாஸ் காலணி போதுமானது. தேய்ந்து வழவழப்பான அடிப்பாகம் வேண்டாம். தலையில் அடிபட்ட பிள்ளை, "ஒன்றுமில்லை, நான் ஆடுகிறேன்" என்று சொன்னாலும் அன்று முழுவதும் மறுபடி மைதானத்தில் இறக்கக் கூடாது. வாந்தி, தூக்கக் கலக்கம், குழப்பம் ஆகியவை தோன்றினால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முகாமில் முதலுதவிப் பெட்டியும் பனிக்கட்டியும் இருக்கின்றனவா, அவசரத்துக்கு எந்த வண்டியில் எந்த மருத்துவமனைக்குக் கொண்டு செல்வார்கள் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே கேளுங்கள். இதற்கு உடனே விடை சொல்லத் தெரியாதவர்களிடம் பிள்ளையை விடலாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

நல்ல முகாமை எப்படி அடையாளம் காண்பது?

பணம் கட்டுவதற்கு முன் ஒரு காலைப்பொழுது மைதானத்தின் ஓரத்தில் நின்று ஒரே ஒரு பிள்ளையை மட்டும் கவனியுங்கள். அந்தப் பிள்ளையின் ஸ்டிக் எத்தனை முறை பந்தைத் தொடுகிறது என்பதே முகாமின் தரத்தைச் சொல்லிவிடும். முப்பது பிள்ளைகளுக்கு மூன்று பந்து, நீண்ட வரிசை, தன் முறைக்காகக் காத்து நிற்றல், இடையிடையே மைதானத்தைச் சுற்றி ஓட்டம் என்று போனால் அங்கே ஹாக்கி கற்பதைவிட நிற்கக் கற்பதே மிகுதி. ஆளுக்கொரு பந்து, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சியாளர் என்ற அளவு இருந்தால் நிறைவாக இருக்கும்.

அடுத்ததாக, ஆட்டம் எவ்வாறு நடத்தப்படுகிறது என்று பாருங்கள். முழு மைதானம் 91.40 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்டது. அதில் பதினொருவர் அணிகளாகச் சிறுவர்களை இறக்கினால், வேகமாக ஓடும் இருவர் மட்டுமே பந்தை வைத்திருப்பார்கள். மைதானத்தைக் குறுக்கே நான்காகப் பிரித்து, மூவருக்கு மூவராகவோ ஐவருக்கு ஐவராகவோ ஆட விடுவதே சிறுவர்களுக்கு ஏற்றது. அணிக்கு ஐவர் ஆடும் ஹாக்கி ஃபைவ்ஸ் என்ற வடிவம் 2014, 2018 ஆகிய ஆண்டுகளின் இளையோர் ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றது. ஆகவே அதைச் சில்லறை ஆட்டமென்று நினைக்க வேண்டியதில்லை. தண்டனை என்ற பெயரில் பிள்ளைகளை வெயிலில் ஓட விடுவதையோ, ஸ்டிக்கால் தட்டுவதையோ, வசவுச் சொற்களையோ கண்டால் அங்கிருந்து வந்துவிடுங்கள்.

என் மகனைக் கோல்கீப்பராக நிறுத்திவிடுவார்களோ?

ஓடத் தயங்கும் பருமனான பிள்ளையைக் கோலுக்குள் தள்ளிவிடும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. 3.66 மீட்டர் அகலமும் 2.14 மீட்டர் உயரமும் கொண்ட கோலைக் காப்பதற்கு அணியிலேயே விரைவான கால்கள் தேவை என்பதை அறிந்த பயிற்சியாளர் அப்படிச் செய்யமாட்டார். விருப்பமுள்ள எல்லோரையும் மாற்றி மாற்றி நிற்க வைப்பதே சரி. தலைக்கவசம், மார்புக் கவசம், கால் பேடுகள், காலணிமேல் மாட்டும் கிக்கர்கள், கையுறைகள் என்று கீப்பருக்கான பொருள்கள் விலை மிக்கவை. முகாம்தான் அவற்றைக் கொடுக்க வேண்டும். பெரியவர்களின் தலைக்கவசத்தைச் சிறுவனுக்கு மாட்டி, அது கண்ணை மறைக்கும் அளவுக்குத் தளர்ந்திருந்தால், முறையான பந்தைக் கொண்டு கோலடிக்க அனுமதிக்கவே கூடாது.

பெண் பிள்ளைகளை அனுப்பலாமா?

அனுப்ப வேண்டும். டோக்கியோவில் நான்காம் இடம் வரை சென்ற இந்திய மகளிர் அணியைப் பார்த்த பிறகும் இந்தக் கேள்வி எழுவதற்குக் காரணம் ஆட்டமன்று, வசதிகளும் பாதுகாப்பும்தான். பன்னிரண்டு வயது வரை இருபாலரும் சேர்ந்தே ஆடலாம். திறனில் பெரிய வேற்றுமை தெரியாது. தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வரும் கழிப்பறையும் உடை மாற்றத் தனி அறையும் இருக்கின்றனவா என்று நேரில் சென்று பாருங்கள். பெண் பயிற்சியாளரோ பெண் பொறுப்பாளரோ முகாம் நேரம் முழுவதும் இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையையும் தனியே அழைத்துப் பயிற்சி அளிக்கக் கூடாது, தனியே வண்டியில் ஏற்றிச் செல்லக் கூடாது என்ற விதி எழுத்தில் இருக்க வேண்டும். இது ஆண் பிள்ளைகளுக்கும் பொருந்தும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட இருபாலரையும் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098 என்பதைப் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.

ஹாக்கியில் எதிர்காலம் இருக்கிறதா?

2022ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூரின் கார்த்தி செல்வமும் இந்திய அணிக்காகக் களமிறங்கினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தவர் கார்த்தி. எளிய குடும்பங்களிலிருந்து அவர்கள் அந்த இடத்தை எட்டியதைக் கண்டு பிள்ளைகள் உற்சாகம் கொள்வது இயல்பே. கல்லூரிச் சேர்க்கையிலும் அரசுப் பணியிலும் விளையாட்டு ஒதுக்கீடு இருப்பதும் உண்மை. ஆனால் அவை மாநில, தேசிய அளவில் ஆண்டுக்கணக்கில் ஆடிச் சான்றிதழ் பெற்றவர்களுக்கானவை. கோடை முகாமின் பங்கேற்புச் சான்றிதழ் அவற்றுக்கு உதவாது. எட்டு வயதுப் பிள்ளையின் ஸ்டிக்கில் வேலைவாய்ப்பைத் தேடும் பெற்றோர், பிள்ளையை விரைவில் சோர்வடையச் செய்துவிடுகிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

பெற்றோர் மைதானத்தில் இருக்கலாமா?

இருக்கலாம், கோட்டுக்கு வெளியே. பயிற்சியாளர் "நிறுத்து" என்று சொல்லும் நேரத்தில் தந்தை "அடிடா" என்று கத்தினால் பிள்ளை யார் சொல்லைக் கேட்கும்?

மூன்றாம் நாளே "போகமாட்டேன்" என்று அடம் பிடித்தால் என்ன செய்வது?

முதலில் காரணத்தைக் கேளுங்கள். உடல் வலியாக இருந்தால் ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும். ஸ்டிக்கைக் குனிந்து பிடிப்பதால் முதுகும் தொடையும் முதல் சில நாள்கள் வலிக்கத்தான் செய்யும். கூடப் படிப்பவர் யாரும் இல்லை என்ற ஏக்கமாக இருந்தால் பயிற்சியாளரிடம் சொல்லி ஓர் இணையைச் சேர்த்துவிடச் சொல்லலாம். யாரையோ குறித்த அச்சம் என்று தெரிந்தால் அதை அலட்சியம் செய்யாமல் அன்றே விசாரிக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் ஆட்டமே பிடிக்கவில்லை என்றால், முதல் வாரம் முடியும் வரை போய்வரச் சொல்லி, அதன் பிறகும் மனம் மாறவில்லையானால் விட்டுவிடுங்கள். கட்டிய பணத்தில் ஒரு பகுதியேனும் திரும்பக் கிடைக்குமா என்பதைச் சேர்க்கும்போதே கேட்டு, ரசீதின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.